மெட்ரோ கணக்கில் வாங்கிய முட்டை

செங்கல்பட்டுக்காரர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. 2019 நவம்பரில் ஊர் மாவட்டத் தலைநகராகவே ஆகிவிட்டது. ஆனாலும் சென்னையில் யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொன்னால், “எலக்ட்ரிக் டிரெயின் கடைசியா நிக்குமே, அங்கயா?” என்பார்கள். அந்த ரயிலை வைத்தே ஊருக்குப் பெருமை தேடித் தருவதென்று முடிவு கட்டினேன். உலக நகரங்களின் ரயில்களை வகை பிரித்து எண்ணிப் பட்டியல் போடுகிறார்களே, அதில் எங்கள் பாதைக்கு ஒரு கௌரவமான இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். யாரும் கேட்காத வேலை. ஓய்வு பெற்றவனுக்கு அதுதான் ஒத்துவரும்.

முதலில் ஒரு கல்யாணப் பந்தியில் வாயை விட்டேன். டெல்லியில் மெட்ரோ வந்தது 2002 டிசம்பரில். கடற்கரை–சேப்பாக்கம் பறக்கும் ரயில் 1995-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. ஆக, டெல்லிக்கு நாம் அண்ணன் என்றேன். ரசம் வருவதற்குள் என் மகள் ஆரம்பித்துவிட்டாள். “அப்பா, சென்னை மெட்ரோ 2015 ஜூன்ல, கோயம்பேடு–ஆலந்தூர். நீங்க சொல்றது ரயில்வேயோடது.”

நான் விடவில்லை. பிரசெல்ஸில் யு.ஐ.டி.பி. என்று ஒரு பொதுப் போக்குவரத்துச் சங்கம் இருக்கிறது. சாலையோடு கலக்காத தனிப் பாதை, வண்டிக்குக் குறைந்தது இரண்டு பெட்டி, நூறு பேருக்காவது இடம்: மெட்ரோவுக்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கணம் ஏறத்தாழ இதுதான். பறக்கும் ரயில் பாதையில் ஒரு ரயில்வே கேட் காட்டு பார்க்கலாம் என்றேன். அவள் சட்டத்துக்குத் தாவினாள். சென்னை மெட்ரோ 2002-ஆம் ஆண்டின் மெட்ரோ சட்டத்தில் ஓடுகிறது, பறக்கும் ரயில் 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில். நான் கொல்கத்தாவை இழுத்தேன். 1984-லிருந்து ஓடும் அந்த மெட்ரோவும் ரயில்வேயின் பிள்ளைதான். 2010-ல் அதற்குத் தனி மண்டல அந்தஸ்தே கொடுத்தார்கள். அதை மெட்ரோ இல்லை என்று எவன் சொல்வான்?

மகள் பாயசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அத்தோடு கை கழுவ எழுந்திருக்க வேண்டும். நானோ, “அப்ப நம்ம செங்கல்பட்டு லைனும் மெட்ரோதான்” என்று அடுத்த கரண்டியை நீட்டினேன்.

அதே பிரசெல்ஸ் இலக்கணம் புறநகர் ரயிலை வாசலிலேயே நிறுத்துகிறது என்பதை அவள் கைப்பேசியில் காட்டினாள். பாரிஸுக்கு அடியில் சுரங்கத்தில் பாயும் ஆர்.இ.ஆர்., பெர்லினின் எஸ்-பான் எல்லாமே அந்தக் கணக்கில் கிடையாது. அவற்றுக்கே இலை போடாதவர்கள், பாண்டியனோடும் வைகையோடும் தண்டவாளத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் எங்கள் வண்டிக்கா போடுவார்கள்? 1931-லேயே கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சாரத்தில் ஓடிய பரம்பரை என்று முனகிப் பார்த்தேன். வயசுக்கு மார்க் கிடையாதாம்.

தரத்தில் தோற்றவன் நீளத்தில் பிடிக்கப் பார்த்தேன். கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், மறுபடி கடற்கரை என்று ஒரு சுற்று ரயில் உண்டு. சுமார் 235 கிலோமீட்டர். மாஸ்கோ 2023-ல் முடித்த பெரிய வட்டப் பாதையோ 70 கிலோமீட்டர்தான். மாஸ்கோவை முறியடித்தோம் என்று உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அது மெட்ரோ, இது மெட்ரோ இல்லை, இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன். சரி, முழு வட்டத்தையும் ஒரு நாள் உட்கார்ந்தே பார்த்துவிடுவோம் என்று கிளம்பி, காஞ்சிபுரத்தில் இட்லி ஞாபகம் வந்து இறங்கிவிட்டேன். வட்டம் இன்னும் வில்லாகத்தான் இருக்கிறது.

நிலையங்களை எண்ணுவது சுலபம் என்று நினைத்ததும் தப்பு. நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 472 நிலையங்கள். ஒன்றோடொன்று இணைந்து கிடப்பவற்றை ஒன்றாகச் சேர்த்தால் நானூற்றுச் சொச்சம்தான். ஒரு பேனாக் கோட்டில் ஏறத்தாழ ஐம்பது நிலையங்கள் மாயம். நம் சென்ட்ரலையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல், மூர் மார்க்கெட் வளாகம், எதிரே பார்க், பக்கத்தில் பார்க் டவுன், எல்லாவற்றுக்கும் கீழே மெட்ரோ. ஐந்தா, ஒன்றா? செங்கல்பட்டு வரை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, கூடுவாஞ்சேரிக்கு முன்பே தூங்கிவிடுகிற என்னிடம் இதைக் கேட்காதீர்கள்.

வகைப்பாட்டில் தெளிவு கிடைத்தது ஒரே ஒருவரிடம். அவசரத்தில் ஒரு நாள், புறநகர் சீசன் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் தொற்றிக்கொண்டேன். டி.டி.ஆர். வந்து நின்றார். ஒரே தண்டவாளம், ஒரே நடைமேடை, இரண்டையும் ஒரே அமைப்பாகத்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “இது எக்ஸ்பிரஸ் சார்” என்று சொல்லி, கட்டணத்தோடு 250 ரூபாய் அபராதத்துக்கு ரசீது கிழித்தார். அதற்கு மேல் நான் பிரசெல்ஸை இழுக்கவில்லை.

ஆனால் அரசாங்கமும் என் ஜாதிதான் என்று பிறகு தெரிந்தது. 2025-ல் இந்திய மெட்ரோ ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது என்றார்களே, அதில் டெல்லி–மீரட் பாதையில் ஓடும் நமோ பாரத் ரயிலின் தூரமும் உண்டு. மெட்ரோவைவிட வேகமான, ஊர் விட்டு ஊர் போகும் வண்டி அது. அதே வகை ரயிலைச் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாக விழுப்புரம் வரை 167 கிலோமீட்டருக்கு விட முடியுமா என்று ஆராயப் போவதாகத் தமிழக பட்ஜெட்டில் அந்த வருஷமே சொன்னார்கள். அந்த 167-ஐயும் என் நோட்டில் பென்சிலால் ஏற்றிவிட்டேன். இரண்டாம் கட்ட மெட்ரோ எங்கள் மாவட்டத்துச் சிறுசேரி வரை வரப்போகிறது, அது பேனாவில்.

இந்த நோட்டோடு மாமல்லபுரத்துக்கு மச்சான் வீட்டுக்குப் போனேன். கல் சிற்பக் கடை வைத்திருக்கிறான். எந்த இலக்கணத்தில் எண்ணினாலும் அவன் ஊருக்கு முட்டைதான். கிழக்குக் கடற்கரை ரயில் பாதை வருஷக்கணக்கில் காகிதத்தில் கிடக்கிறது. கொஞ்சம் கரிசனத்தோடு, அதைவிட அதிகப் பெருமையோடு, பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன்.

“மாமா, எங்க ஊர்ல அஞ்சு ரதம் இருக்கு. ஒண்ணுக்குக் குடிசைக் கூரை, ஒண்ணுக்கு யானை முதுகு. அதையும் சேத்துக்குங்க.”

தண்டவாளம் இல்லாததைச் சேர்க்க முடியாது என்று நான் மெனக்கெட்டு ஆரம்பித்தேன். அவன் பிள்ளையார் விலை கேட்டு வந்தவரைக் கவனிக்க எழுந்து போய்விட்டான்.