கடைசிப் பேருந்தியல்: மலைக்கும் ஏரிக்கும் பஸ்ஸில் போவோர் குறித்த ஓர் ஆராய்ச்சி

தமிழ்நாடு வனத்துறை 2024-ல் மலையேற்றத்துக்கென்று 40 தடங்களை அறிவித்து, அவற்றை எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாக வகுத்தது. நல்ல பகுப்புதான், ஆனால் நிறைவானதல்ல. சரிவையும் தூரத்தையும் அளந்தவர்கள், ஏறியவன் எப்படி வீடு போய்ச் சேருவான் என்ற கூற்றை விட்டுவிட்டார்கள். கார் வைத்திருப்பவனுக்கு அது ஒரு கூறே அல்ல. அரசு பஸ்ஸில் வந்து இறங்கி, மலையும் ஏரியும் சுற்றிவிட்டு, அரசு பஸ்ஸிலேயே ஊர் திரும்ப வேண்டியவனுக்கோ மற்ற எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு மலை எவ்வளவு உயரம் என்பதைக் கடைசி பஸ்ஸின் நேரத்திலிருந்து அளக்க வேண்டும், கடல்மட்டத்திலிருந்து அன்று. இதுவே இக்கட்டுரை நிறுவப் புகும் கருத்து.

இத்துறைக்கு முன்னோர் உண்டோ எனின், உண்டு. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் 583 அடிகளில், நன்னனைக் காணப் போகும் கூத்தர்க்கு மலைவழி சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், இருட்டில் நடக்காதே. புனம் காப்பவர் எறியும் கவண்கல் வரும், மரத்தோடு ஒட்டிப் போ. பாசி பிடித்த பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். இத்தனை அக்கறையோடு சொன்ன பெருங்கௌசிகனார், திரும்பி வர வண்டி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. புலவரைக் குறை சொல்ல முடியாது. பரிசில் பெற்றவன் யானையும் தேருமாகத் திரும்புவான் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. நன்னன் போனபின் அப்பொறுப்பு டெப்போ மேலாளர் தலையில் விழுந்தது.

கள ஆய்வுக்கு ஏலகிரியை எடுத்துக்கொள்ளலாம். திருப்பத்தூரிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ வரும் பஸ், அடிவாரத்துப் பொன்னேரியைத் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி அத்தனாவூரில் இறக்கிவிடும். கொஞ்ச தூரத்தில் புங்கனூர் ஏரி. மங்கலம் கிராமத்துப் பக்கம் போனால் சுவாமிமலைக்கு நடைவழி. மலை, ஏரி, பஸ் மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் கிடைப்பது ஆய்வாளனின் பாக்கியம். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஓரிக்குக் கொல்லிமலை, பாரிக்குப் பறம்புமலை, ஆய்க்குப் பொதிகை, நள்ளிக்குத் தோட்டிமலை என்று வள்ளல்களே மலைக்காரர்களாதலால் பெயர்ப் பொருத்தம் சரி. ஒரு நெருடல் மட்டும் உண்டு. முல்லைக்கொடி கேளாமலே தேரை நிறுத்திக் கொடுத்துவிட்டு நடந்து போனவன் பெயர் கொண்ட வளைவில், மனிதன் இரண்டு கையையும் ஆட்டினாலும் தேர் நிற்பதில்லை. ஏற்றத்தில் நிறுத்தினால் எடுக்க முடியாது என்பது ஓட்டுநர் தரப்பு நியாயம். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

நடைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு விதி சொன்னார்: தூரத்தில் 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் 2,000 அடிக்கு இன்னொரு மணி நேரம். விதி ஏற்றத்துக்குச் சரி, இறக்கத்துக்கு உதவாது. பாதி மலையில் நிற்கும்போது கீழே ஒரு ஹாரன் கேட்டால், முட்டிவலிக்காரரும் நெய்ஸ்மித்தின் கணக்கை மீறி இறங்குவதைக் காணலாம். அந்த ஹாரன் பெரும்பாலும் லாரியுடையது என்பது வேறு.

இனி இவ்வியலின் நடுநாடிக்கு வருவோம். மேலே வரும் கடைசி பஸ் வேறு, கீழே போகும் கடைசி பஸ் வேறு. இந்த நுட்பம் அறியாதவர் மலையேற்றத்தில் இன்னும் ஒன்றாம் வகுப்பு. சாலை முடியும் மலையூரில் பொழுது சாயும் நேரம். வளைவுகளில் விளக்கு வெளிச்சம் தெரிகிறது, மறைகிறது, மறுபடி தெரிகிறது. பஸ் வந்து நிற்கிறது. ஆய்வாளன் பையை மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடுகிறான். உர மூட்டை, மண்ணெண்ணெய் கேன், டவுனில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு லுங்கிக்கு மாறுகிறார். "ஹால்ட் வண்டி சார், காலைலதான் இறங்கும்" என்கிறார் நடத்துநர், பல் துலக்கும் பிரஷ்ஷைத் தேடிக்கொண்டே. அன்றைக்குக் கீழே போகும் கடைசி வண்டி, ஆய்வாளன் ஏரிக்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோதே போயாயிற்று.

காரணம் எளிது. மலைக்காரர் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறார். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எல்லாம் கீழே. மலையேறுபவன் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறான். ஒரே சாலையில் இரண்டு சனங்களும் எதிரெதிர்த் திசையில் வாழ்கிறார்கள். பஸ் யாருக்காக விடப்பட்டதோ அவர்கள் நேரப்படி ஓடுகிறது, அதுதான் முறையும். ஆகவே காலையில் ஏறும்போது விரும்பிய ஜன்னல் கிடைத்ததென்று மகிழ்ந்தவன் சற்று யோசித்திருக்க வேண்டும். காலி பஸ் ஒரு தீய நிமித்தம். இறங்கும் மாலை வண்டியும் அதே அளவு காலியாக இருக்கும், காலியாக ஓடும் டிரிப்புதான் முதலில் ரத்தாகும்.

இதனால் நேர்வது திணை மயக்கம். குறிஞ்சிக்கு நிலம் மலை, சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். பஸ்ஸில் போனவனுக்கு யாமத்தில் மலையில் இருப்பதைவிடப் பெருந்துன்பம் இல்லை. அவன் பொழுது மாலை, அவன் ஒழுக்கம் இருத்தல். இரண்டும் முல்லைக்கு உரியவை. கார்காலத்தில் வருவேன் என்று தலைவன் சொல்லிப் போனதுபோல், "ஆறரைக்கு ஒரு வண்டி இருக்கு" என்று காலையில் யாரோ சொல்லிப் போயிருப்பார்கள். வண்டி கண்முன்னே புறப்பட்டுவிட்டால் பாலையின் பிரிதல். கடலே இல்லாத ஊரில் நெய்தலின் இரங்கல். டிக்கெட்டின் பின்புறம் எழுதித் தந்த ஏழு ரூபாய் பாக்கிக்காக நடப்பது மருதத்து ஊடல். ஐந்து ஒழுக்கங்களையும் ஒரே டிக்கெட்டில் தருவது வேறெந்தப் போக்குவரத்துச் சாதனம்?

பஸ் வருமா என்பதை அறிய அளவைகள் மூன்று. காட்சி அளவை தவறாதது, ஆனால் காலம் கடந்தது. கண்ணுக்குத் தெரியும்போது அது பின்பக்கமாகவே தெரியக்கூடும். கருதல் அளவையில் போலிகள் மிகுதி. கூட்டம் நிற்பதால் பஸ் வரும் என்று கருதினால், அது ரேஷன் கடைக் கூட்டமாக இருக்கும். சீருடைப் பிள்ளைகள் நிற்பது வலுவான ஏது. ஆயினும் சனிக்கிழமை பொய்த்துவிடும். எஞ்சுவது உரையளவை, அதாவது டீக்கடைக்காரர். அவர் "வந்துரும்" என்று பால் ஆற்றிக்கொண்டே சொன்னால் நம்பலாம். பாய்லரை அணைத்தபடி சொன்னால், இன்னொரு டீ குடிக்கவும் வழியில்லை என்றுதான் கொள்ள வேண்டும். நிறுத்தத்தில் எழுதியிருக்கும் நேர அட்டவணையை ஏன் அளவையாகக் கொள்ளவில்லை என்று கேட்பவர், அதன் பாதிமேல் ஒட்டியிருக்கும் காதணி விழா போஸ்டரைக் காண்க.

"இத்தனை பாடு எதற்கு? காரில் போனால் என்ன?" என்பது மறுப்பாளர் கூற்று. விடை: காரில் போனவன் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பியாக வேண்டும். அவன் நடை எப்போதும் வட்டம், இல்லையேல் போன வழியே வருதல். கொடைக்கானல் ஏரியைச் சுற்ற அது போதும். ஏறத்தாழ 5 கி.மீ., புறப்பட்ட படகுத்துறைக்கே வந்து சேரலாம். ஆனால் மோட்டார் சாலை வருமுன் கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் பெரியகுளத்துப் பக்கமிருந்து கும்பக்கரை வழியாக நடந்தும், குதிரையிலும், டோலியிலும் போனார்கள். வனத்துறை அனுமதியோடு அப்படி ஒரு பக்கம் ஏறி, வத்தலக்குண்டு பஸ்ஸில் மறுபக்கம் இறங்குவது கார்க்காரனுக்குக் கூடாது. அவன் காருக்குக் கட்டுப்பட்டவன்.

மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது விதி. காலையில் இது அறமாகத் தோன்றும். ஜோலார்பேட்டையில் ரயிலைப் பிடிக்க இறங்கும் மாலையில், எதிரே ஏறிவரும் ஒவ்வொரு வேனுக்கும் சாபம் கிடைக்கும்.

ஜன்னலும் வாந்தியும் என்ற இயல் இங்கே விரிக்கப்படவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்வதா, வாயில் அடக்கிக்கொள்வதா என்பதில் 40 வளைவு ஏறும் வால்பாறைக் கட்சிக்கும் 70 வளைவு ஏறும் கொல்லிமலைக் கட்சிக்கும் வழக்கு தீரவில்லை. 70-இன் பக்கமே இக்கட்டுரையாசிரியன் சாய்கிறான், பின்சீட்டில் உட்காராதவரை.