முட்டுக்கட்டைக்காரர்

"எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிற ஆள்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் மற்ற ஊர்களில் அது வசவு. கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு விளையும் கிராமங்களில் அது அடையாளம். ஊருக்கு ஒருவராவது இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தோளில் துண்டு, காதிடுக்கில் பாதி பீடி, கையில் ஒன்றும் இருக்காது. கை காலியாக இருந்தால்தான் நாலு பேரை வேலை வாங்க முடியும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

அவருக்கு மவுசு பிறப்பது கரும்பு அரவை முடியும்போது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கிற கூட்டுறவு சர்க்கரை ஆலைகளின் புகைபோக்கி ஓய்ந்ததும், அதுவரை ராத்திரி பகல் பாராமல் ஆலை வாசலில் வரிசை கட்டி நின்ற டிரெய்லர்கள் வீடு திரும்பும். டிராக்டருக்கு உழவு இருக்கிறது, ஓய்வில்லை. கரும்பு டிரெய்லருக்கு அடுத்த அரவை வரை பெரிதாக வேலை கிடையாது. கழற்றிக் களத்தோரம் விட வேண்டியதுதான். அஞ்சாறு மாசம் நிற்கப் போகிற வண்டி. கொக்கியைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் அவர் தெருவில் குடியிருந்து பார்த்ததில்லை.

கொக்கி ஆணியில் பையன் கை வைக்கும்போதே குரல் வரும்.

"டேய், ஆணிய உருவாத! சக்கரத்துக்குக் கல்லு வச்சியாடா?"

வைத்திருக்க மாட்டான்.

"முதல்ல கல்லு, அப்புறம் ஆணி. தாலியக் கட்டிட்டா பொண்ணு பாக்கப் போவாங்க?"

சொல்லும் விதம் எப்படியோ, விஷயத்தில் அவர் பேச்சைத் தட்ட முடியாது. ரெண்டு சக்கர டிரெய்லர் ஒரு தராசு மாதிரி. நடுவில் அச்சு, முன்னால் மூக்கு, பின்னால் வால். காலியாக இருந்தாலே ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். டிராக்டரிலிருந்து விடுபட்ட நொடியில் தரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் கிளம்பிவிடும். மாடாக இருந்தால் அதட்டினால் நிற்கும். டிரெய்லருக்குக் காது கிடையாது.

கல் வைத்தாகிவிட்டது. இனி ஜாக்கி. ஜாக்கி வந்ததும் மாமா உட்கார்ந்துவிடுவார். (ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். மாமியும் சில சமயம் மறந்துபோய் அப்படிக் கூப்பிடுவதாகக் கேள்வி.) முதலில் வலது, இடது, பிறகுதான் மூக்கு, வால். இந்த வரிசை மாறக் கூடாது. மூக்குக்குக் கட்டை கொடுத்துவிட்டு அப்புறம் ஒரு சக்கரத்தைத் தூக்கினால், அந்த அசைவில் மூக்குக் கட்டை நழுவும். அப்படி நழுவிய கதை ஒன்று அவரிடம் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு அதில் டிரெய்லர் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

கட்டை விஷயத்தில் அவர் ஆசாரம் பார்ப்பவர். செங்கல்லா, தள்ளிப் போடு. ஹாலோ பிளாக்கா, பேச்சே வேண்டாம். "கட்டைன்னா முனகும்டா, உசுரு போறதுக்கு முன்னால உன்னக் கூப்பிட்டுச் சொல்லும். ஹாலோ பிளாக்கு சொல்லாமக் கொள்ளாம நொறுங்கிடும்." புளியமரத்துக் கட்டைதான் வேண்டும். கரையான் ஏறாமல் இருக்கப் பழைய எஞ்சின் ஆயிலில் அதைக் குளிப்பாட்டி, மூன்று நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். அடியில் கடப்பைக் கல் பலகை. வெயிலில் வெடித்துக் கிடக்கிற கரிசல் மழை விழுந்ததும் கூழாகிவிடும். பலகை இல்லாத கட்டை ஆப்பு மாதிரி மண்ணுக்குள் இறங்கும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு, தன் கட்டைகளைத் திண்ணைக்கு எடுத்து வந்து துடைத்து வைத்தவர் அவர். யாராவது விசாரித்து வருவார்கள் என்று ரெண்டு நாள் பார்த்தார். வரவில்லை.

மட்டம் பார்க்கும் கட்டம்தான் பார்க்க வேண்டியது. கொத்தனாரிடம் ரசமட்டம் இருக்கிறது, டியூப் மட்டம் இருக்கிறது. மாமா ரெண்டையும் ஏற்கமாட்டார். "டீ கொண்டாப்பா" என்பார். தளும்பத் தளும்ப ஒரு கண்ணாடி டம்ளர் வரும். அதை டிரெய்லர் தளத்தின் நடுவில் வைத்து, குனிந்து, ஒற்றைக் கண்ணால் விளிம்பைப் பார்ப்பார். டீ எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் தாழ்வு. "வலது பக்கம் ஒரு விரக்கடை ஏத்து." ஏற்றுவதற்குள் டீ ஆறிவிடும். ஆறின டீ மட்டம் காட்டாதாம்; அதைக் குடித்துவிட்டு இன்னொன்று சொல்வார். ஒரு டிரெய்லர் நேராவதற்கு நாலு டீ. பள்ளமான களமாக இருந்தால் ஆறு. பணம் வண்டிக்காரர் கணக்கு.

ஒருவழியாக நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் டீ நிற்கும். கூடியிருக்கிறவர்கள் அப்பாடா என்பார்கள். அப்போது மாமா எழுந்து துண்டை உதறி, "சரி, இப்போ பின்னால ரெண்டு விரக்கடை இறக்கு" என்பார்.

"ஏன் மாமா? இவ்வளவு நேரம் மட்டம் பாத்தது எதுக்கு?"

"மட்டம் எதுன்னு தெரிஞ்சாத்தானடா எவ்வளவு சாய்க்கணும்னு தெரியும்? ஐப்பசி மழைத் தண்ணி உள்ள நின்னா தகடு என்னத்துக்கு ஆகும்?"

இதற்குப் பதில் சொல்ல முடிந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கடைசியாக டயர். பாரம் முழுக்க அச்சுக்கு அடியில் இருக்கிற கட்டைக்குப் போயிருக்க வேண்டும். மாசக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தால் டயர் அந்த இடத்தில் சப்பையாகிவிடும். டயருக்கும் தரைக்கும் நடுவில் மடித்த தினத்தந்தி ஒன்று உரசாமல் போய்வர வேண்டும் என்பது அவர் அளவு. போய்வந்த பேப்பரை அங்கேயே உட்கார்ந்து படிப்பார். வெயில் படாமல் டயருக்குச் சாக்குப் போர்த்துவது மற்றவர்கள் வேலை.

மட்டம் பார்ப்பதைப் போலவே மட்டம் தட்டுவதிலும் அவருக்கு இணையில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதும் நிறைய உண்டு என்று அவர் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். தேர்த்திருவிழாவுக்குப் போனால் சாமியைப் பார்க்கிறாரோ இல்லையோ, சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நடப்பார். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியிருக்கிறார்கள் என்று சொன்னேன். "பிரேக்கு நிறுத்தும். தேரைத் திருப்புறது யாரு? கட்டைதானே?" என்றார். உண்மைதான். இன்றைக்கும் தேர் திரும்புவது சக்கரத்தடியில் செருகும் கட்டையால்தான். ஓடுவது கொஞ்ச நாள், மிச்ச நாளெல்லாம் நிலையில் நிற்கிற தேரை விடப் பெரிய டிரெய்லர் ஏது என்பது அவர் கேள்வி.

போன வருஷம் அவர் புகழ் கடல் தாண்டியது. அமெரிக்காவில் இருக்கிற அக்கா மகன் ஒரு கூடார வண்டி வாங்கியிருந்தான். காரின் பின்னால் கோத்து இழுத்துப் போவது. போன இடத்தில் கூரையை உயர்த்தினால் துணிச்சுவரோடு வீடாகிவிடும், மடித்தால் பெட்டி. பனிக்காலம் முழுக்க வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும். வீடியோவில் வந்தான்.

"மாமா, நாலு மூலையிலயும் இறக்குற கால் இருக்கு. அதுலயே வண்டியத் தூக்கி நிறுத்திடட்டுமா?"

மாமா திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மாப்ள, அந்தக் காலு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. பக்கத்துல நிக்கும், ஆடாமப் பாத்துக்கும். பாரம் சுமக்காது. பாரத்த அச்சுக்கிட்டக் குடு. சக்கரத்துக்குக் கல்லு வச்சியா?"

வண்டியோடு கொடுத்த கையேட்டிலும் மூலைக்கால் பாரம் தூக்க அல்ல என்றே போட்டிருந்ததாம். அன்று முதல் அமெரிக்காக்காரனும் தன்னிடம் கேட்டுத்தான் வண்டி நிறுத்துகிறான் என்று டீக்கடையில் பேச்சு. அவனுக்கு அங்கே தளும்பும் டீ கிடைக்காதே என்பதில் மட்டும் மாமாவுக்குக் கவலை.

சொந்த டிராக்டரை அவர் விற்று வெகுகாலம் ஆகிறது. டிரெய்லரை விற்கவில்லை. கொல்லையில் நாலு கட்டை மேல், ரெண்டு விரக்கடை பின்சரிவோடு நிற்கிறது. அடியில் கோழி முட்டையிடுகிறது, மதியத்தில் ஆடு படுத்துக்கொள்கிறது. யாரோ விலை கேட்டு வந்தபோது, "இப்பத்தான் மட்டமா நிக்குது, அசைக்க வேணாம்" என்று அனுப்பிவிட்டார். மாமியின் அம்மிக்கல் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு டீ வைத்துப் பார்க்க மாமி விடுவதில்லை.

நிற்கிற வண்டி எதுவானாலும் கல் வைத்துவிட்டுப் போவது அவருக்குக் கை தானாகச் செய்கிற காரியம். பால் வண்டி, பஞ்சாயத்துக்கு வந்த ஜீப், ஒரு தடவை மாப்பிள்ளை அழைப்புக் கார். இப்படிப்பட்டவர் இந்தப் பக்கத்தில் ஒருவர் ரெண்டு பேர் இல்லை. ஆகவே, கல்வராயன் மலைக்குக் காரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிமலைக்கு ஏறும் முன் கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்துவீர்கள். திரும்பி வந்து வண்டியை எடுக்கும் முன் பின்சக்கரத்தை ஒரு தடவை குனிந்து பாருங்கள். கல் இருந்தால் ஓரமாக எடுத்து வையுங்கள். அடுத்து வருகிற வண்டிக்கு வேண்டும்.