அடிமுடி காணாப் படிவம்

வருமான வரிக் கணக்குத் தாக்கல் என்னும் சடங்கு முதன்முதலில் தோன்றிய ஊர் திருவண்ணாமலையே என்பது இக்கட்டுரையின் துணிபு. இதைக் கேட்டவுடன் காஞ்சிபுரத்தார் சண்டைக்கு வருவார்கள். ஏடும் எழுத்தாணியுமாகச் சித்திரகுப்தர் தனிக்கோயில் கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர் அவர்களுடையது. கணக்கு என்று பேச்செடுத்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. போதாக்குறைக்கு, அவருக்கு உகந்த சித்ரா பௌர்ணமி புது நிதியாண்டு பிறந்த கையோடு வருகிறதே என்று பஞ்சாங்கத்தையும் சாட்சிக்கு இழுப்பார்கள். அன்றிரவு லட்சக்கணக்கான ஜனம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அடைத்துக்கொண்டு நடப்பது எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்டால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் கூட்டத்தைக் காட்டி வாயடைப்பது அரசியலுக்கு ஆகும், ஆய்வுக்கு ஆகாது.

காஞ்சிக் கட்சியின் பிழை அடிப்படையிலேயே இருக்கிறது. சித்திரகுப்தர் எழுதுவது நம்மைப் பற்றி அவர் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு இன்றைய பெயர் ஏ.ஐ.எஸ்., அதாவது ஆண்டுத் தகவல் அறிக்கை. 2021 நவம்பரில் வருமான வரித் துறை அதை அறிமுகப்படுத்தியது. சேமிப்புக் கணக்கு வட்டி, பங்கு ஈவுத்தொகை, பிடித்த டி.டி.எஸ். எல்லாம் நாம் வாய் திறக்குமுன்பே அதில் ஏறியிருக்கும். எப்போதோ காஸ் மானியத்துக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் விழுந்த சில்லறை வட்டிகூடத் தப்பாது. தகவல் தவறென்றால் மறுத்துப் பதியலாம் என்ற ஒரு சலுகை மட்டும் துறையில் உண்டு. எமபட்டணத்தில் அது இருப்பதாக எந்தப் புராணமும் சொல்லவில்லை.

ரிட்டர்ன் என்பது வேறு சரக்கு. எல்லாம் தெரிந்தவர் முன்னால் போய் நின்று, அவருக்குத் தெரிந்ததையே நம் வாயால் சொல்வது அது. அர்ச்சனைச் சீட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்கிறாரே, சாமிக்குத் தெரியாதென்றா கேட்கிறார்? ஆக, பிறர் எழுதும் கணக்குக்குக் காஞ்சியும் தானே சொல்லும் கணக்குக்கு அண்ணாமலையும் தலம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு மேலே போவோம்.

இனிச் சான்று. தாங்களே பெரியவர் என்று பிரமனும் திருமாலும் வாதிட்டபோது சிவன் தீப்பிழம்பாக நின்றார். அடியைத் தேடி ஒருவர் பன்றியாகத் தோண்டிக்கொண்டு போனார், முடியைத் தேடி ஒருவர் அன்னமாகப் பறந்தார். இருவருக்கும் ஒரு வேலை, ஒரு களம், கடைசியில் நேரில் வந்து ஒரு வாக்குமூலம். கேட்டவருக்கோ தம் அடியும் முடியும் எங்கே இருக்கின்றன என்று நன்றாகவே தெரியும். இதைவிடத் தெளிவான சுயமதிப்பீட்டு முறை உலக இலக்கியத்தில் எங்கே இருக்கிறது? திருமால் திரும்பி வந்து, காணவில்லை ஐயா என்று உள்ளதைச் சொன்னார். அது நில் ரிட்டர்ன். பிரமனோ, மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு முடியைக் கண்டேன் என்றார்.

இங்கே உரையாசிரியர் பலரும் வழுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. பிரமன் எதையும் மறைத்தவர் அல்லர், இல்லாததை இருப்பதாகக் கூட்டிக் காட்டியவர். வரி ஏய்ப்போரின் முன்னோராக அவரைச் சொல்வது பொருந்தாது. யாருக்கு முன்னோர் என்பது கள ஆய்வில் தெரியவரும். தண்டனையைப் பொறுத்தவரை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பொய் உறுதிமொழிக்கு 277-ஆம் பிரிவு, பொய்க் கணக்குக்குத் துணைபோனதற்கு 278-ஆம் பிரிவு. பிரமனை முன்னதிலும் தாழம்பூவைப் பின்னதிலும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் ஒரு வரியும் பிசகாது. பிரிவுக்குரிய சிறைத் தண்டனைக்குப் பதில் ஒருவருக்குக் கோயிலும் இன்னொருவருக்குச் சிவபூசையும் மறுக்கப்பட்டன. பிழையைத் தாமே திருத்தி, கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்கைப் போடும் வழி 2022-ல்தான் சட்டத்தில் வந்தது. அது வந்தும் பிரமனுக்குப் பயனில்லை. வருமானத்தைக் கூட்டத்தான் அந்த வழி, குறைக்க அல்ல.

வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே வருமான வரி என்று பாடப்புத்தகம் படித்தவர்கள் கேட்கக்கூடும். ஆம், ஜேம்ஸ் வில்சன் 1860 ஜூலை 24-ல் கொண்டுவந்தார், ஆகஸ்டு 11-ல் கல்கத்தாவில் இறந்தும்போனார். அந்த வரியைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதியவர் சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன். எழுதிய குற்றத்துக்கு லண்டன் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. சில ஆண்டு கழித்து அவரே நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். 1865-ல் அந்த வரி காலாவதியானது. பிறகு உருமாறி உருமாறி வந்து 1886-ல்தான் நிலையாக உட்கார்ந்தது. சுவையான கதைதான், ஆனால் எம் ஆய்வுக்கு இது பிற்சேர்க்கை.

அதைவிடக் கனமான கேள்வி, சாமியே வரி கட்ட வேண்டுமா என்பது. 1969-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. யோகேந்திரநாத் நஸ்கர் வழக்கில், இந்து தெய்வம் வருமான வரிச் சட்டப்படி ஒரு 'தனிநபர்' என்று தீர்ப்பானது. வரி கேட்கப்பட்ட கல்கத்தாத் தெய்வங்களில் ஒருவர் பெயர் குபேரேசுவர மகாதேவர். கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு நடப்பவர்கள் இந்தத் தகவலைக் கேட்டால் ஒரு விநாடி நின்று யோசிப்பார்கள். பொதுக்கோயில்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு என்பதால் அண்ணாமலையாருக்கு அந்தக் கவலை இல்லை. கவலை பக்தர்களுக்குத்தான். கார்த்திகை மாதச் சிவராத்திரியில் குபேரனே கிரிவலம் வருகிறான் என்ற நம்பிக்கை அண்மைக் காலத்தில் பரவி, அன்று நடக்கும் கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகுகிறது. அவர்கள் வேண்டுதலில் ஒரு நுட்பம் சேர்க்க வேண்டும் என்பது எம் பரிந்துரை. 2025-26-க்கான புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. வருமானம் 12 லட்சத்துப் பத்தாயிரம் ஆனால், விளிம்புச் சலுகைக்குப் பிறகும் அந்தப் பத்தாயிரம் அப்படியே வரியாகப் போய், அதன் மேல் 4 சதவீத செஸ்ஸாக 400 ரூபாய் கையிலிருந்தும் போகும். குபேரனிடம் கேட்கும்போது தொகையைத் தெளிவாகச் சொல்லிக் கேட்பது நல்லது.

கள ஆய்வுக்குத் தேரடி வீதியை ஒட்டிய ஒரு சந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. கற்பூரக் கடைக்கும் செருப்பு விடும் இடத்துக்கும் நடுவில் ஒரு ஜெராக்ஸ் கடை. பலகையில் பான் கார்டு, பட்டா, வில்லங்கம், இன்கம்டாக்ஸ், ரயில் டிக்கெட் என்று எழுதியிருக்கும். உள்ளே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் இளைஞரை ஊரே 'ஆடிட்டர்' என்கிறது. பரீட்சை எழுதித் தேறிய பட்டயக் கணக்காளர்கள் இதைப் படித்தால் மனம் நோகக்கூடும். ஆய்வாளன் ஊர் வழக்கைப் பதிவு செய்ய வேண்டியவன், திருத்த வேண்டியவன் அல்லன்.

பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். பேச்சு அப்படியே தரப்படுகிறது.

"எவ்ளோ போடட்டும்ணா?"

"பேங்க்ல மூணு வருஷ ஐ.டி. கேக்கறாங்க தம்பி. அஞ்சு லட்சம் காட்டினா லோனுக்கு நல்லாருக்கும்னாரு மேனேஜர்."

"சரி, அஞ்சு போட்டுடலாம்."

"வரி எவ்ளோ வரும்?"

"ஒண்ணும் வராதுண்ணா."

"ஒண்ணும் வராதா? அப்ப ஆறா போடு."

பிரமன் யாருக்கு முன்னோர் என்பதற்கு இனி வேறு சான்று வேண்டியதில்லை. சிறு வியாபாரிகளுக்கென்று 1961 சட்டத்தில் 44-ஏ.டி. என்று ஒரு பிரிவு. கணக்குப் புத்தகம் எதுவும் வைக்காமல், ரொக்கமாக வந்த விற்பனையில் 8 சதவீதம், க்யூஆர் அட்டை வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதற்குக் குறைவாகச் சொன்னால்தான் தகராறு. கூடுதலாகச் சம்பாதித்ததாகச் சொல்வோருக்குச் சட்டமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. இந்தச் சந்தில் ரிட்டர்ன் போட வருகிறவர்களில் வரி கட்ட வருகிறவரைக் காண்பது அரிது. கடனுக்கு வருகிறார்கள், மகனின் வெளிநாட்டு விசாவுக்கு வருகிறார்கள், வைப்புத்தொகை வட்டியில் வங்கி பிடித்த டி.டி.எஸ்.-ஐத் திரும்ப வாங்க வருகிறார்கள். அரசுக்குச் சொல்வது போல வேறு யாருக்கோ சொல்லும் கணக்கு இது.

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லாம் நிரப்பியாகிவிட்டது, ஆதார் ஓடிபி ஒன்றுதான் பாக்கி.

"சார், ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வரலியேப்பா."

"ஆதார்ல எந்த நம்பர் சார் குடுத்தீங்க?"

"அது பழைய சிம். மருமக கிட்ட இருக்கு. அவ ஓசூர்ல இருக்கா."

ஓசூருக்குப் போன் போகிறது. மருமகள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் கை துடைத்துக்கொண்டு வந்து எண்ணைச் சொல்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து. கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் இருக்கிறார். உடம்பை ஒருக்களித்துப் புகுந்தால் எப்பேர்ப்பட்டவரும் ஒருவாறு வெளியே வந்துவிடலாம். ஓடிபிக்கு அந்தக் கருணை இல்லை. 2022 ஆகஸ்டு முதல் சரிபார்ப்புக்கான கெடு 120 நாளிலிருந்து 30 நாளாகச் சுருங்கிவிட்டது. அதற்குள் சரிபார்க்காத ரிட்டர்னுக்கு உரிய நாளில் போட்ட மதிப்பு இல்லை. கையெழுத்திட்டுப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பும் பழைய வழி இன்னும் திறந்திருக்கிறது. தலைமையாசிரியர் கடைசியில் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். நீல மையில், முழுக் கையெழுத்தாக.

பெயர்ச் சிக்கலைத் தொடாமல் போனால் கட்டுரை குறையுடையதாகும். பான் எண்ணின் நான்காம் எழுத்து 'பி' என்றால் தனிநபர். ஐந்தாம் எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது. ஆகவே அப்பா பெயர் மகனுடைய குடும்பப் பெயராகிறது, மகன் பெயர் பேரனுடையதாகிறது, தலைமுறைக்குத் தலைமுறை குடும்பமே மாறுகிறது. எங்கள் ஊரில் இதற்கு இயற்கையாகவே ஒரு பரிகாரம் அமைந்திருக்கிறது. தாத்தா அருணாசலம், அப்பா அண்ணாமலை, மகன் மறுபடியும் அருணாசலம். ஐந்தாம் எழுத்து மூன்று தலைமுறையாக 'ஏ'-யிலேயே நிற்கும். ஆதாரில் இனிஷியல் முன்னாலும் பானில் அப்பா பெயர் பின்னாலும் இருந்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒப்புக்கொள்ள இணையதளம் மறுக்கும் துயரத்தை மட்டும் அருணாசலமும் தீர்க்கவில்லை.

செங்கம் சாலைப் பக்கம் இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். ரமணர் விட்டுச்சென்ற 'நான் யார்?' என்னும் கேள்வியோடு கடல் தாண்டி வந்து தங்கியிருப்பவர்கள். ஒரு நிதியாண்டில் 182 நாள் தங்கிவிட்டால், நீ இந்தியாவில் வசிப்பவர் என்று துறை விடை சொல்லிவிடும். உள்ளுக்குள் விசாரித்து விசாரித்தும் பிடிபடாத விஷயத்தை விமான டிக்கெட்டை வைத்தே முடிவு செய்துவிடுகிற ஒரே தத்துவம் இது.

கெடு குறித்தும் ஒரு சொல். மாதச் சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அது ஆடி பாதியில் விழுகிறது. ஆடியில் புது வீடு போகமாட்டோம், பெண் பார்க்கமாட்டோம், துணி வாங்குவது மட்டும் உண்டு. அப்படிப்பட்ட மாதத்தில் உறுதிமொழி எழுதச் சொன்னால் ஜனம் கடைசி நாள்வரை இழுக்காமல் என்ன செய்யும்? 2025-ல் அரசு மனமிறங்கிக் கெடுவைச் செப்டம்பர் 15-க்கும், பிறகு 16-க்கும் தள்ளியது. அது ஆவணியின் கடைசி நாள். ஆவணி முழுதும் கையில் இருந்தும் கூட்டம் கடைசி நாளில்தான் கூடியது என்பதால், ஆடியைக் குறைசொல்லும் கோட்பாடு வலுவிழக்கிறது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறோம்.

இறுதியாக, எம் துணிபை அசைக்க முடியாததாக்கும் சான்று. தானே சொல்வதுதான் ரிட்டர்ன் என்றோம். அற்றேல், சொல்ல ஆளே இல்லை என்றால்? அதற்குத்தான் 1961 சட்டத்தின் 159-ஆம் பிரிவு. இறந்தவர் கணக்கை வாரிசு காட்ட வேண்டும். 14-ஆம் நூற்றாண்டின் போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை என்பது ஊர்க்கதை. அண்ணாமலையாரே மகனாக நின்று அவனுக்குக் கடன் செய்கிறார் என்பது கோயில் மரபு. இன்றைக்கும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுப் போய்த் தீர்த்தவாரி நடத்தித் திதி கொடுத்துவிட்டு வருகிறார். இணையதளத்தில் வாரிசாகப் பதிய வேண்டுமானால் இறப்புச் சான்றிதழோடு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். இந்த வழக்கில் வட்டாட்சியர் விசாரணைக்கு எங்கே போவார், அக்கம்பக்கத்துச் சாட்சியாக யாரைக் கூப்பிடுவார் என்பதெல்லாம் ஆய்வுக்குரியவை. தாழம்பூவை மட்டும் கூப்பிடமாட்டார். தவிரவும், இறந்த நாள் வரையிலான வருமானத்துக்குத்தான் வாரிசு பொறுப்பு. அதற்குப் பிறகும் இத்தனை நூற்றாண்டாக ஆண்டு தவறாமல் ஒருவர் போய் வருகிறார் என்றால் வல்லாளன் கணக்கில் ரீஃபண்டு ஏதோ பாக்கி இருக்க வேண்டும். அதன் மீதான வட்டியைப் பள்ளிகொண்டாப்பட்டில் விசாரித்து அடுத்த கட்டுரையில் கணக்கிடுவோம்.