வெயிலா, நிழலா?

போன சனிக்கிழமை திருப்பதியில் நடந்தது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் மச்சினன் சித்தூரில் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கி, கட்டில் போட்டு, கூரைமேல் 150 வாட் சோலார் பேனலும் கட்டிலடியில் 150 ஏ.ஹெச். பேட்டரியும் வைத்து, ‘கேரவன்’ என்று பெயரும் வைத்துவிட்டான். “ரூமுக்கு அலைய வேணாம் மாமா. வெயில்தான் கரண்ட்டு” என்றான். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உட்காரும் சார்ஜ் கண்ட்ரோலரில் பி.டபிள்யூ.எம். வகை வாங்குவதா, எம்.பி.பி.டி. வகை வாங்குவதா என்று உங்களுக்கு உருப்படியாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வயிற்றெரிச்சல் விடவில்லை.

முதலில் அந்த நம்பர். கண்ட்ரோலர் மூஞ்சியில் ஓடுமே பேட்டரி வோல்டேஜ், அதுதான். பல் துலக்கும் முன் பார்த்தேன், 12.4. துலக்கிவிட்டுப் பார்த்தேன், 12.4. காபி குடித்துவிட்டு, 12.5. பையன் பாஸான மாதிரி இருந்தது. ஒரு மேகம் வந்தது, 12.4. மேகத்தைத் திட்டினேன். இட்லிக்கு நடுவில் எழுந்து போய்ப் பார்த்தேன், 12.6. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், 12.5தான், முதலில் பார்த்தது தூசி. 14.4-ஐத் தொட்டால் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று வேண்டிக்கொண்டேன். முறைத்துப் பார்த்தால் ஏறாதோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். 12.5. “என் பிரஷரை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?” என்றாள் மனைவி. பார்த்ததில்லை. அதில் நம்பர் ஓடாதே.

ஏன் ஏறவில்லை? வண்டி வேப்பமர நிழலில் நின்றது. பேனலில் 36 செல்களும் சங்கிலியாகக் கோத்தவை. கிளை நிழல் நாலைந்தின்மேல் விழுந்தாலே மொத்தமும் படுத்துவிடும். சரியென்று வண்டியை வெயிலில் விட்டோம். பேட்டரி பிழைத்தது, உள்ளே நாங்கள் வெந்தோம். ஃபேன் போட்டோம், நம்பர் இறங்கியது. ஃபேனை நிறுத்தினோம், மாமியார் இறங்கிப் போய்விட்டார்.

அந்த வெயிலாவது முழுசாகப் பயன்பட்டதா? பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் போகும். கூரையில் 65 டிகிரி சூடு என்றால் ஆறில் ஒரு பங்கு காலி. திருப்பதி வெயிலே போதாது என்று சொல்லும் ஒரே ஜீவன் என் மச்சினனின் பேனல்தான்.

அப்புறம் ஆலோசகர்கள். பக்கத்திலேயே கரகம்பாடியில் அமர ராஜா நாடு முழுதுக்கும் பேட்டரி செய்து அனுப்புகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் பேட்டரி வைத்தியம் தெரியாதவர் கிடையாது. ஒருவர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொன்னார். ஒருவர் ஒயர் மெலிசு என்றார். பூ விற்கிற அம்மா எட்டிப் பார்த்து, “முதல்ல பேட்டரியைத்தான் கண்ட்ரோலர்ல மாட்டணும், அப்புறந்தான் பேனலை” என்றார். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதுதான் சரி. மச்சினன் தலைகீழாக மாட்டியிருந்தான்.

மேலே திருமலையில் 2002-லேயே 106 கிண்ணக் கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலில் ஆவி எடுத்து, பதினைந்தாயிரம் பேருக்குச் சோறு வடிக்கிற ஏற்பாடு செய்துவிட்டார்கள். அடிவாரத்தில் எங்களால் ஒரு ஃபேனைச் சுற்றவைக்க முடியவில்லை. ராத்திரி ஏழு மணிக்கு கண்ட்ரோலர் 11.8 காட்டி, கீச்சென்று கத்தி, விளக்கையும் அணைத்தது. இருட்டில் ரூம் தேடினோம். கிடைத்த ரூமில் கரண்ட் இல்லை.

அடுத்த மாசம் மறுபடி போகலாம் என்கிறான் மச்சினன். அடிவாரத்தில் அலிபிரி பக்கத்தில் கூரைமேல் வெயிலும் உள்ளே நிழலுமாக ஒரு இடம் உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மச்சினனிடம் அல்ல, என்னிடம்.