கணினி கோத்தலும் காணாமற்போன 69 ஜிகாபைட்டும்: பிரம்மதேச நோக்கில் ஒரு சிற்றாய்வு

மேசைக் கணினியை உதிரி உறுப்புகளாக வாங்கிக் கோக்கும் கலையில், கொட்டேஷன் எனப்படும் விலைக்குறிப்பு முன்பெல்லாம் ஒரு வாரமாவது செல்லும் ஆவணமாக இருந்தது. இப்போது அது மாலையில் எழுதப்பட்டு, மறுநாள் காலை கடையின் ஷட்டர் ஏறுவதற்குள் காலாவதியாகிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழும்பும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிச் செல்வதால், ராம் எனப்படும் தற்காலிக நினைவகமும், எஸ்எஸ்டி எனப்படும் சுழலும் பாகமற்ற சேமிப்பகமும் ஒருசேர விலையேறியுள்ளன. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறை வாங்குவோருக்கு விற்றுவந்த வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்து, அப்பெயரைப் பட்டியலில் எழுதி வைத்திருந்த அத்தனை பேரையும் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்க வைத்தது. எந்தச் சேமிப்பகத்தை வாங்க வேண்டும் என்ற வினாவுக்கு இக்கட்டுரை இறுதியில் ஐயத்துக்கு இடமின்றி விடை கூறும். அதற்கு முன் சில அடிப்படைச் செய்திகளைத் தெளிவுபடுத்திக்கொள்வது முறையாகும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம் விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம். எந்தப் பிரம்மதேசம் என்ற ஐயம் உடனே எழும். அதை எழுப்புபவர் பெரும்பாலும் கூரியர்காரர். எண்ணாயிரத்துக்கு அருகே சோழர் காலக் கோயில்களுடன் ஒன்று, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் ஒன்று என இம்மாவட்டத்திலேயே இரண்டு இருக்க, செய்யாற்றின் பக்கம் மற்றொன்றும் அம்பாசமுத்திரத்தின் பக்கம் வேறொன்றும் இருப்பதால், இணையத்தில் வாங்கிய ஓர் உறுப்பு எந்தப் பிரம்மதேசத்தில் போய் இறங்கும் என்பது முன்வினையைப் பொறுத்தது. “சார், எண்ணாயிரம் பக்கமா, மரக்காணம் பக்கமா?” என்று தொலைபேசியில் கேட்கும் கூரியர்காரர் நல்லவர், கேட்காமலே ‘வீடு பூட்டியிருந்தது’ என்று பதிந்துவிட்டுப் போகிறவர்களும் உளர்.

இணையத்தை நம்பாதவர்க்கு நான்கு வழிகள் உண்டு. திண்டிவனத்தில் இருப்பதை வாங்கிக்கொள்ளலாம், விழுப்புரத்தில் ‘நாளைக்கு வந்துடும்ண்ணே’ என்ற வாக்குறுதியை வாங்கிக்கொள்ளலாம், புதுச்சேரிக்குப் போகலாம், அல்லது வடக்கே பயணம் செய்து, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் சென்று, ஒரே பொருளுக்கு அடுத்தடுத்த ஐந்து கடைகளில் ஐந்து விலைகளைக் கேட்டு, அவற்றுள் ‘பில் வேணுமா?’ என்ற துணைக்கேள்வியோடு கூறப்படும் விலை வேறு, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்துக் கூறப்படும் விலை வேறு என்று உணர்ந்து, மூன்றாவது கடைக்குத் திரும்பி வரலாம். அப்போது அங்கே சரக்கு தீர்ந்திருக்கும்.

சேமிப்பகம் தவிர்த்த ஏனைய உறுப்புகளைப் பற்றி நீட்டிக்கத் தேவையில்லை. செயலி எனப்படும் பிராசசரை நீல அணியினரும் சிவப்பு அணியினரும் பிறவிக் கடனாகவே தேர்ந்துகொள்கின்றனர். தாய்ப்பலகை எனப்படும் மதர்போர்டு, செயலி பொருந்தும் குழியை வைத்துத் தானே முடிவாகிவிடுகிறது. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்எம்பிஎஸ் என்னும் பெட்டி, கேபினெட் வாங்கினால் அதனுள்ளேயே வந்துவிடுகிறது; அதன் மேல் 450 வாட் என்று ஒட்டப்பட்டிருப்பதை அளவு என்று கொள்வதைவிட ஆசி என்று கொள்வது நலம். இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடிவாகிவிடும். எஞ்சிய நாள்களைத் தின்பது சேமிப்பகமே.

சேமிப்பகம் மூவகைப்படும். சுழலும் காந்தத் தட்டில் எழுதும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 மெகாபைட் வரை தரவைக் கடத்தும். சாட்டா என்னும் கம்பிவழி இணையும் எஸ்எஸ்டி ஏறத்தாழ 550 மெகாபைட் கடத்தும். மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகப்படும் என்விஎம்இ என்னும் வகை, மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 3,500 மெகாபைட்டும் நான்காம் தலைமுறையில் 7,000 மெகாபைட்டும் கடத்தும். இதில் எம்.2 என்பது பொருளின் வடிவமே அன்றி வேகத்தின் பெயர் அன்று. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடைய அந்தக் குச்சிக்குள் சாட்டாவும் இருக்கலாம், என்விஎம்இயும் இருக்கலாம் என்பதையும், குச்சி பொருந்திவிட்டதாலேயே அது வேலை செய்யும் என்று பொருளன்று என்பதையும் பொருத்தி முடித்த பிறகுதான் பலரும் அறிகின்றனர். நொடிக்கு 7,000 மெகாபைட் வேகம் எதற்கு என்று வினவினால், டேலியைத் திறப்பதற்கும் பழைய படப் பாடல்களைக் கேட்பதற்கும் என்ற விடையே கள ஆய்வில் கிடைக்கிறது.

பெயரிடும் மரபும் கருதத்தக்கது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் சரக்கை நீலம், கறுப்பு, சிவப்பு, ஊதா என்று நிறத்தால் பிரிக்க, சீகேட் நிறுவனம் மீன், ஓநாய், பருந்து என்று உயிரினங்களால் பிரிக்கிறது. ஆகவே பிரம்மதேசத்தில் மளிகைக் கடைக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்த விரும்பும் வணிகர் ஒருவர், ஊதா நிறத்துக்கும் பருந்துக்கும் இடையே நின்று தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. இவ்வகைத் தெரிவுக்குச் சோதிடரே பொருத்தமானவர் எனினும், அத்துறையினர் இதில் இன்னும் இறங்கவில்லை.

இனி மூலப் பிரச்சினைக்கு வருவோம். 1 டெராபைட் என்று அச்சிட்ட சேமிப்பகத்தைப் பொருத்தி, கணினியை இயக்கி, அதன் கொள்ளளவைப் பார்த்தால் 931 ஜிகாபைட் என்று காட்டும். மீதி 69 எங்கே? இதற்குக் கடைக்காரர், ‘அது அப்படித்தான்ண்ணே காட்டும்’ என்று விடையிறுப்பார்; அவ்விடை பிழையன்று, ஆயினும் போதாது. விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார். விண்டோஸ் 1,024 ஆல் வகுக்கிறது. உற்பத்தியாளர் கணக்கில் 1 டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். அதை 1,024 ஆல் மூன்று முறை வகுத்தால் 931 தான் வரும். இருவரும் ஜிகாபைட் என்ற ஒரே சொல்லைச் சொல்கின்றனர். அளவு மட்டும் இரண்டு.

கொடுமை இத்துடன் நிற்பதில்லை. அதே கடையில், அதே பில்லில், அடுத்த வரியில் வாங்கும் ராம் 1,024 கணக்கிலேயே அளந்து தரப்படுகிறது; 16 ஜிகாபைட் ராம் முழுமையாக 16 தான். கொடுக்கும்போது ஒரு மரக்காலும் வாங்கும்போது வேறொரு மரக்காலும் வைத்திருந்த பழைய வட்டிக்காரர்கள்கூட, இரண்டையும் ஒரே நேரத்தில் திண்ணையில் எடுத்து வைத்ததில்லை. அத்துடன், பெருமளவில் வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்ற உலக வழக்குக்கு மாறாக, இங்கே பெருமளவில் வாங்கினால் தொலைவதும் பெருகும்: கிலோ என்ற நிலையில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேலாக இருக்கும் வேறுபாடு, ஜிகா நிலையில் ஏறத்தாழ ஏழாகவும், டெரா நிலையில் ஒன்பதாகவும் வளர்கிறது. 8 டெராபைட் வாங்கியவர்க்கு 7.27 தான் கண்ணில் படும். மறைந்த பகுதியில் ஒரு வட்டாரத்துத் திருமண ஆல்பங்கள் அனைத்தையும் வைக்கலாம்.

இதைச் சீர்செய்ய உலகம் முயலாமல் இல்லை. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 இல், 1,024 கணக்குக்குக் கிபி, மெபி, கிபி என்று தனிப் பெயர்களை வகுத்தது; இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் தமிழில் எழுதினால் ஒன்றே ஆகிவிடுவதால், குழப்பத்தை நீக்க வந்த ஏற்பாடு இங்கே வந்து சேரும்போதே குழம்பிப் போயிற்று. 2009 இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் விற்பவரின் ஆயிரக் கணக்கையே ஏற்றுக்கொண்டு, ஒரே நாளில் எல்லாருடைய 69 ஜிகாபைட்டையும் திருப்பித் தந்தது. விண்டோஸ் இன்றளவும் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் சிலர் வழக்கே தொடுத்தனர். 2006 இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் அத்தகைய வழக்கு ஒன்றில் இணங்கிப் போய், வாங்கியோர்க்கு இழப்பீடாகத் தரவுகளைப் படியெடுத்து வைக்கும் மென்பொருளை இலவசமாக வழங்க ஒப்புக்கொண்டது. இடம் குறைகிறது என்று முறையிட்டவனுக்கு இடத்தை அடைக்கும் பொருளைக் கொடுத்து அனுப்பிய இத்தீர்வை, சட்ட மாணவர்கள் தனியே பயில வேண்டும்.

ஒப்பீட்டுக்காகச் சோழர் ஆட்சியைக் காண்க. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் குறிக்கப்படும்போது, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று அளவுகருவியின் பெயரும், அது ராஜகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்ற விளக்கமும் சேர்த்தே வெட்டப்பட்டன. நிலத்தை அளக்கையில் முந்திரி எனப்படும் 320 இல் ஒரு பங்கும், அதையும் மேலும் 320 ஆகப் பகுத்த கீழ்முந்திரியும் விடாமல் கணக்கிடப்பட்டன. ஒரு வேலியில் 1,02,400 இல் ஒரு பங்கு எங்கே போயிற்று என்று கேட்கக்கூடிய அதிகாரிகள் உலவிய மண்ணில், 69 ஜிகாபைட் போன வழி தெரியாமல் நூறில் ஏழு பங்கை விட்டுக்கொடுக்கும் மக்கள் இன்று வாழ்கின்றனர். சேமிப்பகத்தின் அட்டைப்பெட்டியிலும் ‘1 ஜிகாபைட் என்பது 100 கோடி பைட்’ என்ற விளக்கம் இருக்கவே இருக்கிறது என்று உற்பத்தியாளர் வாதிடலாம். இருக்கிறது, ஆயின் சோழர்கள் அதை வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் வெட்டினார்கள்.

அளவைப் பொறுத்துக்கொண்டாலும் பொருளை நம்ப முடிவதில்லை. 2020 ஏப்ரலில், வலையமைப்புச் சேமிப்புக்கென விற்கப்பட்ட சிவப்பு வகை ஹார்ட் டிஸ்க்குகள் சிலவற்றில், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி நெருக்கி எழுதும் எஸ்எம்ஆர் என்ற மெதுவான முறை அறிவிப்பின்றிப் புகுத்தப்பட்டிருந்தது வெளிப்பட்டது; அதன்பின் சிவப்பு என்ற நிறம் சிவப்பு, சிவப்பு பிளஸ், சிவப்பு புரோ என்று மூன்றாயிற்று. எஸ்எஸ்டியிலும் இதே கதைதான். ஓர் அறைக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி சில்லோடு அறிமுகமாகி நற்பெயர் பெற்ற க்ரூஷியல் பி2 என்ற மாடல், பின்னர் நான்கு பிட்டை நெருக்கித் திணிக்கும், எழுதுவதில் தளரும் க்யூஎல்சி சில்லுக்கு மாறியது, பெயர் மாறவில்லை. ஆகவே மூன்று வாரம் விமர்சனக் காணொலிகள் பார்த்துத் தெரிவு செய்வோர், விமர்சகருக்குக் கிடைத்த பொருளைத் தெரிவு செய்கின்றனர். தமக்குக் கிடைக்கப்போவதை அன்று. இப்பட்டியல், ஒப்பீட்டு அட்டவணை, நள்ளிரவு ஆராய்ச்சி யாவும் வாங்குபவரின் மனநிறைவுக்காக நிகழ்த்தப்படும் சடங்குகளே என்ற முடிவுக்கு வருவது எளிது. அதன் பிறகும் இன்னொரு காணொலியைப் பார்க்காமல் உறங்குவதுதான் அரிது.

நீடிப்பைப் பற்றியும் ஒரு சொல். ஜெடெக் என்னும் தொழில்தர அமைப்பின் வரையறைப்படி, வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி தன் எழுத்து ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும். பிரம்மதேசத்துக்கும் எண்ணாயிரத்துக்கும் அருகிலுள்ள எசாலத்தில், 1987 இல் கோயில் திருப்பணியின்போது மண்ணுக்கடியிலிருந்து ராஜேந்திர சோழன் காலச் செப்பேடுகள் கிடைத்தன. எழுதி ஏறத்தாழ 950 ஆண்டுகள் ஆன பின்னும் அவற்றைப் படிக்க முடிந்தது. செப்பேட்டில் எழுதும் வேகம் குறைவு என்பதும், அழித்து மீண்டும் எழுத இயலாது என்பதும் உண்மையே. ஆயினும் திண்டிவனத்து மே மாதத்தில் 30 பாகை என்பது விடியற்காலையில் மட்டும் நிலவும் வெப்பம் என்பதை ஜெடெக்குக்கு எவரேனும் எழுதிப் போடலாம்.

இவ்வளவு செய்திகளையும் ஆராய்ந்து கோத்து முடித்த கணினியைக் காண உறவினர் ஒருவர் வருவதும், கேபினெட்டைத் தட்டிப் பார்த்து ‘இந்தக் காசுக்கு ஒரு லேப்டாப்பே வாங்கியிருக்கலாமே மாப்ள’ என்பதும் இம்மாவட்டத்தின் மாறா மரபாகும். அவ்வுறவினரே மறுவாரம், தம் மகளின் திருமண வீடியோவை 64 ஜிகாபைட் பென்டிரைவில் கொண்டுவந்து, ‘உன் சிஸ்டத்துல ஒரு காப்பி போட்டு வை, எங்க வீட்டுல பத்திரமா இருக்காது’ என்பார். பென்டிரைவைச் செருகியதும் திரையில் 60 கூட இராது. ‘64ன்னுதானே கடைக்காரன் சொன்னான், மீதி எங்க?’ என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்; அவருக்கு 1998 இலிருந்து தொடங்க வேண்டும்.