தும்மலுக்கு ஒன்றரை மார்க்

கேள்வி: சீனாவில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளவும் பரீட்சை உண்டாமே! காதுக்குக்கூடவா மார்க்?

பதில்: ஆமாம். ஜூன் மாதம் நடக்கும் 'காவ்காவ்' என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மார்க். பல மாகாணங்களில் அதில் 30 காதுக்கு. ஒலிப்பதிவு ஓடும் 20 நிமிடமும் மையத்தைச் சுற்றி ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலையும் நிற்கும். முதல் ஐந்து உரையாடல்கள் ஒரே தடவைதான். அந்த நேரம் பார்த்துத் தும்மினால் ஒன்றரை மார்க் அம்பேல்! மற்றவை இரண்டு தடவை ஓடும். ஆற அமரத் தும்மலாம்.

வாசிப்புக்கு 50. ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு, ஏழு வாக்கியங்களை நீட்டி, 'பொருத்து' என்பார்கள். இரண்டு போலி. வில்லங்கமான ஆட்கள்!

எனக்குப் பிடித்தது, கேட்கும் பகுதியின் மாதிரிக் கேள்விதான்: 'சட்டை என்ன விலை?' விடை, 9 பவுண்டு 15 பென்ஸ். பல வருஷமாக அதே சட்டை, அதே விலை! இணையத்தில் சீன இளசுகள் இதை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். பேச்சுத் தேர்வு மார்க்கோ பல மாகாணங்களில் மொத்தத்தில் சேராது. ஆக, விலை புரியும். பேரம் பேசத்தான் வராது.