கைக்கு அடங்கும் சாமான்

பினாங்கில் இருந்துகொண்டு நீங்கள் சிங்கப்பூருக்கு பஸ் டிக்கெட் எடுத்தால், வீட்டில் சொல்வதற்குள் பார்சல் தம்பிக்குச் சேதி போய்விடும். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் வடை வாங்க நிற்பீர்கள். பின்னாலிருந்து குரல் வரும்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போறீங்களாமே?"

ஆமாம் என்று தலையாட்டுவதற்குள் அடுத்தது வந்துவிடும். "சின்னச் சாமான்தாண்ணே. கைக்கு அடங்கும்." யாருடைய கைக்கு என்று நாம் கேட்பதில்லை. அங்கேதான் தோற்றுப்போகிறோம்.

இந்தத் தம்பியை ஜார்ஜ் டவுனில் தேடிப் போக வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, ஒரு மோட்டார் சைக்கிள், அம்மா கட்டும் கூட்டுச்சீட்டு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பெண். இன்னும் நிச்சயம் ஆகவில்லை. தெருவுக்கே தெரியும், அப்பாவுக்கு மட்டும் தெரியாது. இரண்டு ஊரிலும் தமிழர்கள் காசை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு வெள்ளி இங்கே மூன்று வெள்ளிக்கு மேல். அவள் போனில் "பத்து வெள்ளிதான், சீப்" என்று சொல்லும்போதெல்லாம் இவன் மனக்கணக்குப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கிறான். எனவே இவனுக்கு ஒரு தத்துவம் தேவைப்பட்டது. "வெல முக்கியமில்லண்ணே, மனசுதான் முக்கியம்."

தத்துவம் நல்லதுதான். அதில் ஒரு சின்னச் சிக்கல்: மனசுக்கு எடை கிடையாது, சாமானுக்கு உண்டு. தபால் நிலையத்தில் கிலோ கணக்கு; அதிலும் வெளிநாட்டுக்கு என்றால் பரிசை விடக் கூலி பெரிசு. பதினைந்து வெள்ளிப் பரிசை அதைவிட அதிகம் கொடுத்து அனுப்ப எந்தக் காதலனுக்கும் மனம் வராது. அதனால்தான் நாம் இருக்கிறோம்.

பொட்டலத்தை அவிழ்த்துப் பார்ப்பது மரியாதை இல்லை. ஆனால் இவனே சொல்லிவிடுவான், வரிசையாக, பெருமையாக. முதலில் தாவ் சார் பியா. பாசிப்பயறும் பொரித்த வெங்காயமும் வைத்த சீன பிஸ்கட்; 1856 முதல் இருக்கும் கீ ஹியாங் பெட்டியைப் பார்த்தாலே பினாங்குக்காரர்களுக்கு வீட்டு ஞாபகம் வரும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலை கட்டுப்படியாகும், சில நாள் தாங்கும், பக்கத்து அறைத் தோழிக்கும் ஒன்று கொடுக்கலாம். அடுத்தது சௌராஸ்தா மார்க்கெட்டில் வாங்கிய ஜாதிக்காய் ஊறுகாய். கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து இந்தத் தீவில் நட்ட மரம் அது. வெள்ளைக்காரன் கொட்டைக்காக நட்டான், நம் ஆட்கள் தோலைக்கூட விடாமல் சீனிப்பாகில் ஊறவைத்துவிட்டார்கள். இதுவும் சரி. பாட்டில் மூடியைக் கொஞ்சம் இறுக்கியிருந்தால் இன்னும் சரி.

அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்யத் தொடங்குகிறது. ஆர்மேனியன் ஸ்திரீட்டில் லித்துவேனியா ஓவியர் எர்னஸ்ட் ஸகரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியம் இருக்கிறதே, அதன் படம் போட்ட குளிர்பெட்டிக் காந்தம் ஒன்று வாங்கி வைத்திருப்பான். அந்தப் பெண் ஆயர் ஈத்தாமில் பிறந்து வளர்ந்தவள். அந்தச் சுவரில் ஓவியம் வருவதற்கு முன்பே அந்தத் தெருவில் நடந்தவள். சுற்றுலாப் பயணி வாங்கும் பொருளை ஊர்க்காரிக்கே அனுப்பும் துணிச்சல் காதலுக்கு மட்டும்தான் உண்டு.

கடித உறைகளும் உண்டு. கைப்பட எழுதி, ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் எப்போது திறக்க வேண்டும் என்ற உத்தரவு: "அழுகை வந்தால்", "தூக்கம் வராவிட்டால்", "என் மேல் கோபம் வந்தால்". செலவு காகிதக் காசுதான். நான் பார்த்த மலிவுப் பரிசுகளிலேயே இதுதான் உயர்ந்தது என்பேன். ஒரு வருஷத்துக்குக் காணும் என்று இவன் நினைத்தான். அந்தப் பெண் முதல் நாள் ராத்திரியே எல்லாவற்றையும் கிழித்துப் படித்துவிட்டு, "கோபம் வந்தால் உறையில ரெண்டு வரிதானா?" என்று கோபப்பட்டாளாம்.

பூவும் குழம்பும் தனிக் கதை. பினாங் ஸ்திரீட் பூக்கடையில் கட்டிய மல்லிகைச் சரம், ஈரத் தாளில் சுற்றி, வாழையிலையில் பொதிந்து வரும். ஈப்போ தாண்டும்போது பஸ் முழுக்க மணக்கும். பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஜொகூருக்குள் நுழையும்போதும் திரும்பிப் பார்ப்பார்கள், வேறு காரணத்துக்காக. நாசி கண்டார் குழம்பை இவன் உறையவைத்துக் கொடுப்பான். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடித்தடியில் சோறும் கறியும் சுமந்து விற்றதால் வந்த பெயர் அது. அந்தப் பாரத்தைச் சுமக்கும் பாரம்பரியம் இன்று நம் தோளுக்கு வந்திருக்கிறது. சிங்கப்பூர் எல்லையில் இறைச்சிக்குக் கட்டுப்பாடு உண்டே என்றேன். "தெரியும்ணே, அதான் கறியெல்லாம் பொறுக்கிட்டேன்" என்றான். பொறுக்கியது எங்கே போயிற்று என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. வாங்கும்போது கல்லாக இருந்த குழம்பு, ஜொகூர் பாலத்தில் விடியற்காலைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது தன் இயல்புக்குத் திரும்பியது. அந்தப் பாலம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். நடந்தால் கால் மணி நேரம். மடியில் மஞ்சள் கறையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது முடிவதே இல்லை.

மறுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். மறுக்க முடியாதபடி ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறான். பொட்டலத்துக்கு மேலே குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் குங்குமப் பொட்டலம். 1833ஆம் ஆண்டுக் கோயில். நம் தாத்தா, பூட்டன் எல்லாம் கும்பிட்ட அம்மன். பிரசாதத்தை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? குங்குமத்துக்குக் கை நீட்டினால் அதன் அடியில் மூன்று கிலோ தொங்கும். "பாலத்துல டோல் தீவுக்கு உள்ள வரும்போதுதான்ணே, வெளிய போறதுக்கு எதுவும் இல்ல" என்று ஆறுதலும் சொல்வான். பினாங்கு பாலத்தில் சுங்கம் அப்படித்தான், உண்மை. ஆனால் நான் போவது பஸ்ஸில்.

திட்டிக்கொண்டே சுமக்கும்போது நினைத்துப் பார்த்தால், இந்தத் தம்பி புதிதாக எதையும் செய்துவிடவில்லை. 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. மனைவியை ஊரில் விட்டுவிட்டு ஜார்ஜ் டவுனில் கடைகளிலும் துறைமுகத்திலும் உழைத்த ஆண்கள், யார் கப்பல் ஏறினாலும் அவர் கையில் ஏதாவது கொடுத்துவிட்டார்கள். கைலி, கோடாலித் தைலம், ஜாதிக்காய்த் தைலம், பிஸ்கட் டின். பிஸ்கட் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். டின் அந்த வீட்டில் ஊசி நூல் பெட்டியாக முப்பது வருஷம் இருக்கும். ராமநாதபுரத்திலும் நாகூரிலும் அந்த டின்னைத் திறந்து பொத்தான் தேடிய பேத்திகள் இன்னும் இருக்கிறார்கள். பரிசு என்றால் அப்படி இருக்க வேண்டும்: தின்றது போக ஒன்று மிஞ்ச வேண்டும். குளிர்பெட்டிக் காந்தத்தை நான் ஏற்காததற்கு அதுவே காரணம். அதில் தின்னவும் ஒன்றுமில்லை, ஊசி போடவும் வழியில்லை.

டின் என்றதும் ஞாபகம் வருகிறது. போய்ச் சேர்ந்த அன்று மாலையே நம் கைப்பேசி அடிக்கும். "அண்ணே, குழம்பு டப்பா அம்மாவோடது. திரும்பி வரும்போது கொண்டாந்துருங்க." அந்தப் பெண்ணும் கெட்டிக்காரி. காலி டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது முறையில்லை என்று அதற்குள் மருந்து, சாக்லேட், இவன் அம்மாவுக்கு ஒரு கைப்பை எல்லாம் வைத்து அடைத்துவிடுவாள். அவளுக்கும் மனசுதான் முக்கியம். சாமானின் விலை நம் வெள்ளியில் மூன்று மடங்கு என்றாலும் சுமக்கும் தோள் அதே தோள்.

போன தைப்பூசத்துக்குப் பிறகு இவனே கிளம்பினான், இரவு பஸ்ஸில். தண்ணீர்மலை முருகனிடம் வைத்த வேண்டுதலோ என்னவோ. சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் பார்த்தேன். தோளில் ஒரு சின்னப் பை, கையில் ஒன்றும் இல்லை. தாவ் சார் பியா எங்கே, ஊறுகாய் எங்கே என்றேன்.

"நானே போறேனேண்ணே, அப்புறம் எதுக்கு சாமான்?"

சரி, வந்ததுதான் வந்தோம் என்று, சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகளுக்கு ஒரு பெட்டி தாவ் சார் பியா நீட்டினேன். தம்பி என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தான். "பேக்குல எடமில்லண்ணே."

ஆகையால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இன்னும் எங்கெங்கோ காத்திருக்கும் தங்கச்சிகளுக்கு ஒரு விண்ணப்பம். பொட்டலத்தை வாங்கியதும் அங்கேயே நின்று பிரித்து, முகர்ந்து, போனில் அழுவதற்கு முன்னால், எதிரே நிற்கும் மனிதரை ஒரு முறை பாருங்கள். ராத்திரி பூராவும் உட்கார்ந்தே வந்தவர் அவர். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். உங்கள் வெள்ளியில் அது பெரிய செலவில்லை.